மீட்ட கரடியைக் காட்டில் விடாதது ஏன்?

வித்தைக்காரர்களிடமிருந்து கரடிகளை மீட்டு, வேலி போட்ட மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள் என்ற செய்தியைப் படிக்கும் பலருக்கும் ஒரு சந்தேகம் வருகிறது. சங்கிலியிலிருந்து எடுத்து வேலிக்குள் விடுவதற்குப் பெயர் மீட்பா? பக்கத்திலேயே காடு இருக்கும்போது அங்கே விட்டால் என்ன? அருணாசலப் பிரதேசத்தில் வளர்ப்புக் கரடிக்குட்டிகளைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பிய செய்திகளும் அவ்வப்போது வருவதால் குழப்பம் கூடுகிறது. அங்கே முடிகிறது, ஆக்ரா மறுவாழ்வு மையத்தில் உள்ள வித்தைக் கரடிகளுக்கு ஏன் முடியவில்லை?

மீட்பவர்களின் மனமோ பணமோ இதற்குக் காரணமில்லை. அந்தக் கரடி எந்த வயதில் தாயிடமிருந்து பிரிந்தது, பிரிந்த பிறகு அதன் உடம்புக்கும் பழக்கத்துக்கும் என்ன நேர்ந்தது என்ற இரண்டு விஷயங்கள்தான் பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கின்றன. மீட்புக் குழு வந்து சேரும்போது அந்த இரண்டும் முடிந்துபோன கதை.

முதலில் சில சொற்கள்

செய்திகளில் மூன்று வேலைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. மீட்பு: சட்டவிரோதமாக வைத்திருப்பவரிடமிருந்து விலங்கை எடுப்பது. ஒரே நாளில் முடிந்துவிடக்கூடியது.
2. மறுவாழ்வு: காயத்தை ஆற்றி, நோயைக் குணப்படுத்தி, அந்த இனத்துக்குரிய வாழ்க்கைக்கு முடிந்த அளவு பக்கத்தில் கொண்டுவருவது. இதற்கு மாதங்கள் ஆகலாம், ஆயுள் முழுவதும்கூட ஆகலாம்.
3. காட்டில் விடுதல்: மனிதர் துணை இல்லாமல் இரை தேடி, எதிரியிடம் தப்பி, இனம் பெருக்கும் நிலைக்கு விலங்கைக் கொண்டுவந்து விட்டுவிடுவது. இதிலும் இரண்டு வகை உண்டு. கூண்டைத் திறந்து உடனே விடுவது நேரடி விடுவிப்பு. விடப்போகும் காட்டிலேயே அடைப்பு அமைத்து, அந்த இடத்துக்குப் பழக்கி, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவது படிப்படியான விடுவிப்பு.

முதல் வேலை நடந்தால் மூன்றாவது தானாக நடந்துவிடும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

வித்தைக் கரடிகளுக்கு நேர்ந்தது

இந்தியாவில் வித்தைக்குப் பயன்பட்டது பெரும்பாலும் தேன்கரடி எனப்படும் நம் கறுப்புக் கரடிதான். இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் மட்டுமே இன்று காட்டில் வாழ்கிறது. வங்கதேசத்தில் அற்றுப்போய்விட்டது. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது புலியும் யானையும் உள்ள அதே பட்டியலில், இதுவும் உள்ளது.

வித்தை காட்டியவர்கள் கலந்தர் என்ற சமூகத்தினர். தலைமுறை தலைமுறையாகக் கரடியை ஊர் ஊராக நடத்திச் சென்று பிழைத்தவர்கள். தமிழ்நாட்டுத் தெருக்களிலும் ஒரு காலத்தில் கரடி வித்தை நடந்தது. கரடி முடி வைத்துக் கட்டிய தாயத்தைக் குழந்தைகளின் பயம் போகும் என்று காசு கொடுத்து வாங்கியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அந்த முடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

சட்டப்படி 1972-லிருந்தே இது குற்றம். 1998-இல் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்குவதையும் தடை செய்தது. (2011-இல் இதே பட்டியலில் காளையைச் சேர்த்ததுதான் ஜல்லிக்கட்டு வழக்கின் மையப் புள்ளி ஆனது.) ஆனால் சட்டம் இருந்தும் பல ஆண்டுகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. காரணம் எளிமையானது: பறிமுதல் செய்தால் கரடியை வைக்க இடம் இல்லை, கரடியை இழந்த குடும்பத்துக்குச் சோறு இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் காரியம் நகர்ந்தது. 1995-இல் தொடங்கப்பட்ட வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற அமைப்பு, உத்தரப் பிரதேச வனத்துறையுடன் சேர்ந்து ஆக்ரா அருகே கீதம் பகுதியில் கரடிகளுக்கான மையத்தை அமைத்தது. 2002 டிசம்பரில் முதல் கரடிகள் அங்கே வந்தன. கரடியை ஒப்படைக்கும் கலந்தர் குடும்பத்துக்கு மாற்றுத் தொழில் தொடங்கப் பணம், பெண்களுக்குத் தொழில் பயிற்சி, பிள்ளைகளுக்குப் படிப்பு. பதிலுக்கு, இனி கரடி வைத்திருக்க மாட்டோம் என்ற எழுத்து மூலமான உறுதி. இப்படி 600-க்கும் மேற்பட்ட கரடிகள் வந்து சேர்ந்தன. 2009 டிசம்பரில் ராஜு என்ற கரடியுடன் இந்தியாவில் கரடி வித்தை முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. பெங்களூருவை அடுத்த பன்னேர்கட்டாவிலும் போபாலின் வன் விகாரிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. கரடிப் பாதுகாப்பில் நாம் செலவழித்த பணத்திலேயே பயன் மிகுந்தது கலந்தர் குடும்பங்களுக்குக் கொடுத்த பணம்தான் என்பது என் கணிப்பு. குட்டிகளை வாங்க ஆள் இல்லாமல் போனால்தான் காட்டில் தாய்க்கரடியைக் கொல்வது நிற்கும்.

இந்தக் கரடிகளால் ஏன் திரும்ப முடியாது?

இதைப் புரிந்துகொள்ளக் காட்டில் ஒரு தேன்கரடி எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்க வேண்டும். அதன் முக்கிய உணவு கறையானும் எறும்பும். நீண்டு வளைந்த நகங்களால் புற்றை உடைக்கும். உடைத்ததும் மூக்கை நுழைத்துப் பலமாக ஊதி மண்ணையும் தூசியையும் அகற்றும். பிறகு மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, நீண்ட உதடுகளைக் குழல்போலக் குவித்து, உறிஞ்சும். மற்றக் கரடிகளுக்கு இருக்கும் மேல் முன்பற்களில் நடு இரண்டு இதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையான் உள்ளே போகிறது. உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அதாவது நகம், மூக்கு, உதடு, மூச்சு எல்லாம் சேர்ந்த ஒரே கருவி அதன் முகம்.

வித்தைக்குப் பழக்கும்போது சிதைப்பது சரியாக இந்தக் கருவியைத்தான்.

1. சில மாதக் குட்டியாக இருக்கும்போதே பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் மூக்குத்தண்டில் துளை போட்டு, அதில் கயிறு கோத்துவிடுவார்கள். மயக்க மருந்து கிடையாது. கயிறு உராய்ந்து உராய்ந்து புண் ஆறாமலே இருக்கும். இழுத்தால் வலிக்கும், அதனால் காலைத் தூக்கும். அதுதான் நடனம்.

2. கோரைப் பற்களை உடைத்துவிடுவார்கள். நகங்களை வெட்டிவிடுவார்கள். உடைந்த பல்லின் வேரில் சீழ் பிடித்துப் பல ஆண்டுகள் வேதனையோடு வாழ்ந்த கரடிகள் உண்டு. காட்டில் இந்தப் பற்களும் நகங்களும் இல்லாத கரடியால் புற்றைத் தோண்டவும் முடியாது, புலியை எதிர்த்து நிற்கவும் முடியாது.

3. பல கரடிகளுக்குப் பார்வை போயிருந்தது. மனிதரோடு நெருங்கி வாழ்ந்ததால் காசநோய் தொற்றியவையும் உண்டு. நோயுள்ள ஒரு கரடியைக் காட்டில் விட்டால் பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. ஆரோக்கியமான காட்டுக் கரடிகளுக்கு அது எதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

4. மனநிலைப் பாதிப்பு. ஒரே இடத்தில் நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும், நாலு எட்டு வைத்துத் திரும்பித் திரும்பி நடக்கும். கயிற்றை அறுத்து ஆண்டுகள் ஆன பிறகும் சில கரடிகள் இதை விடுவதில்லை.

5. இவை எல்லாவற்றையும் மருத்துவத்தால் சரிசெய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். தாயிடம் கற்றிருக்க வேண்டிய பாடத்தைக் கற்காத கரடி அது. இந்த ஒன்றுக்கு மட்டும் மருந்து கிடையாது.

ஆகவே ஆக்ராவில் நடப்பது ஆயுட்காலப் பராமரிப்பு. புதிதாக வரும் கரடியை முதலில் தனியே வைத்து நோய்ப் பரிசோதனை, தடுப்பூசி, பல் அறுவைச் சிகிச்சை. பிறகு மரமும் குளமும் உள்ள அடைப்பு. சிறுதானியக் கஞ்சி, தர்பூசணி, பேரீச்சம்பழம். மரக்கட்டையில் துளை போட்டு அதில் தேனை நிரப்பி வைப்பார்கள். நாக்கையும் நகத்தையும் பயன்படுத்தி எடுக்கக் கரடி அரைமணி நேரம் மெனக்கெடும். தலையாட்டலைக் குறைக்க இத்தகைய வேலை கொடுப்பதுதான் வழி.

நேபாளத்தின் கடைசி இரண்டு வித்தைக் கரடிகளின் கதை, மீட்பு மட்டும் போதாது என்பதைக் காட்டியது. ரங்கீலா, ஸ்ரீதேவி என்ற அவ்விரண்டும் 2017 டிசம்பரில் மீட்கப்பட்டன. அடுத்து எங்கே வைப்பது என்பதில் இழுபறி ஆகி, காத்மாண்டு உயிரியல் பூங்காவுக்குப் போன ஸ்ரீதேவி அங்கேயே இறந்தது. ரங்கீலா மட்டும் 2018 ஜூலையில் ஆக்ரா வந்து சேர்ந்தது.

குட்டி கற்கும் பாடம்

தேன்கரடிக் குட்டி குகையிலிருந்து வெளியே வந்த பின் மாதக்கணக்கில் தாயின் முதுகில் ஏறிக்கொண்டுதான் பயணம் செய்கிறது. பிரிந்து தனியே போக ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டு வரை ஆகிறது. அந்த முதுகிலிருந்துதான் காட்டின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது: எந்த மாதத்தில் எந்தச் சரிவில் நாவல் பழுக்கும், இலுப்பைப் பூ எப்போது உதிரும், கோடையில் வற்றாத தண்ணீர் எங்கே, புலி வாசம் அடித்தால் என்ன செய்வது. இலங்கையின் வன்னியில் பாலைப்பழம் பழுக்கும் பருவத்தில் கரடிகள் மரமேறித் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பருவக் கணக்கு தெரியும்.

எல்லா இனக் கரடிகளுக்கும் இவ்வளவு நீண்ட பள்ளிக்கூடம் தேவைப்படுவதில்லை. வட அமெரிக்கக் கறுங்கரடிக் குட்டிகளில் ஐந்தாறு மாதத்திலேயே தனித்துப் பிழைத்தவை உண்டு. புல், கொட்டை, காட்டுப்பழம் என்று கண்ணுக்கு எதிரே கிடைப்பதைத் தின்பவை, குளிர்காலத்தை உறங்கியே கழிப்பவை. உறங்கும் குணம் கற்று வருவதில்லை, பிறப்பிலேயே வருவது. அதனால்தான் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் முயற்சிகளில் பெரும்பாலான வெற்றிக் கதைகள் குளிர்நாடுகளிலிருந்து வருகின்றன.

திரும்ப முடிந்தவை: இரண்டு எதிரெதிர் வழிகள்

ரஷ்யாவின் ட்வேர் மாகாணத்தில் புபோனித்சி என்ற சிற்றூர். அங்கே வலந்தீன் பஷெத்னோவ் என்ற உயிரியலாளரும் அவர் குடும்பத்தினரும் 1990-களிலிருந்து அநாதைக் கரடிக்குட்டிகளை வளர்த்துக் காட்டில் விட்டு வந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் குகையில் உறங்கும் தாய்க்கரடியை வேட்டைக்காரர்கள் நாய்களை ஏவிக் கிளப்புவார்கள். ஜனவரியில் பிறந்து, கண்கூடத் திறக்காத அரைக் கிலோ குட்டிகள் உள்ளேயே கிடக்கும். அவைதான் அங்கே வரும்.

பஷெத்னோவின் விதி: மனிதரோடு உறவு கூடாது. பராமரிப்பவர் பேசக் கூடாது. உருவத்தையும் முகத்தையும் மறைக்கும் ஒரே மாதிரி உடை. புட்டிப்பால் ஊட்டும் பருவம் முடிந்ததும் கிண்ணம். பிறகு காட்டுக்குள் வேலியிட்ட அடைப்பு. தீனி வைத்துவிட்டு ஆள் மறைந்துவிட வேண்டும். ஒன்றாக வளரும் குட்டிகளே ஒன்றுக்கொன்று துணை. முதல் இலையுதிர் காலத்திலேயே, உறக்கத்துக்குக் கொழுப்பு சேர்த்த நிலையில், காட்டில் விடப்படும். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட பழுப்புக் கரடிகள் திரும்பியிருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான வழி அருணாசலத்தின் பாக்கே புலிகள் காப்பகத்தில் உள்ளது. வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் சர்வதேச விலங்கு நல நிதியமும் சேர்ந்து நடத்தும் அந்த மையத்துக்கு வருபவை தேன்கரடி அல்ல, ஆசியக் கறுங்கரடி என்ற வேறோர் இனத்தின் குட்டிகள். வேட்டையில் தாய் செத்துப்போக, யாராவது வீட்டுக்குத் தூக்கிப்போய் வளர்த்த குட்டிகள் அவற்றில் பல. மனித வாசம் ஏற்கெனவே பழகிவிட்டது. இனி ஒளிந்துகொள்வதில் பயனில்லை. அதனால் அங்கே ஒரு பராமரிப்பாளர் தாயின் இடத்தை எடுத்துக்கொள்கிறார். காட்டுக்குள் முகாமிட்டு, தினமும் குட்டியைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். குட்டி மரமேறுகிறது, மண்ணைக் கிளறுகிறது, எது தின்னக்கூடியது என்று தானே கண்டுபிடிக்கிறது. இரவில் அடைப்புக்குத் திரும்பும். மாதங்கள் போகப் போக அது தூரம் போகிறது. ஒரு நாள் கூப்பிட்டாலும் வருவதில்லை. அன்று அவர் திரும்பிவிட வேண்டும், குட்டியின் கழுத்தில் இருப்பிடத்தைக் காட்டும் ரேடியோ காலர் என்ற பட்டையை மாட்டியாகிவிட்டது என்றால்.

இரண்டில் எது சரி என்று கேட்பதைவிட, வரும் குட்டி எப்படிப்பட்டது என்று கேட்பது நல்லது. கண் திறக்காத நான்கு குட்டிகள் ஒன்றாக வந்தால் ரஷ்ய வழி. வீட்டுத் திண்ணையில் வளர்ந்த ஒற்றைக் குட்டி வந்தால் பாக்கே வழி. ஆனால் பாக்கே வழியில் ஓர் ஆபத்து ஒட்டிக்கொண்டே இருக்கிறது: பராமரிப்பாளர் ஒருவரை நம்பிய கரடி, விறகு பொறுக்க வரும் இன்னொருவரையும் நம்பலாம். குட்டியைப் பலரிடம் பழகவிடாமல் குறிப்பிட்ட ஒருவரிடம் மட்டும் ஒப்படைப்பது இதனால்தான்.

மலேசியாவின் சபாவில் மூன்றாவது ஒரு நிலை. வீடுகளில் செல்லப் பிராணியாக வைத்திருந்த சூரியக் கரடிகளுக்காக வோங் சியூ தே என்ற உயிரியலாளர் 2008-இல் செபிலோக்கில் மையம் தொடங்கினார். அங்கே கரடிகள் உண்மையான மழைக்காட்டு மரங்கள் உள்ள அடைப்பில் ஆண்டுக்கணக்கில் பழகுகின்றன. 2015-இல் நடாலி என்ற பெண்கரடி தபின் வனவிலங்குக் காப்பகத்தில் விடப்பட்டது. மையம் தொடங்கி ஏழாண்டுகளுக்குப் பிறகுதான் முதல் விடுவிப்பு என்பதைக் கவனியுங்கள்.

மனிதப் பழக்கமும் தீனிப் பழக்கமும்

இவை இரண்டும் வேறு. மனிதரைக் கண்டால் ஓடாமல் இருப்பது மனிதப் பழக்கம். மனிதர் இருக்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று தேடி வருவது தீனிப் பழக்கம். முதலாவது காலப்போக்கில் தேயலாம். இரண்டாவது தேய்வது அபூர்வம்.

இதற்கு நீலகிரி நல்ல உதாரணம். கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் தேயிலைத் தோட்டக் கரடிகள் கோயில் கதவை உடைத்து விளக்குகளில் இருந்த எண்ணெயைக் குடித்த செய்திகளும், சத்துணவுக் கூடத்தில் புகுந்த செய்திகளும் பலமுறை வந்திருக்கின்றன. அவை கூண்டில் வளர்ந்தவை அல்ல, பிறவிக் காட்டுக் கரடிகள். எண்ணெயின் ருசி மட்டும் போதுமாக இருந்தது. வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்து அடர்காட்டில் விட்டாலும், பழைய இடத்தைத் தேடித் திரும்பும் திறன் கரடிகளுக்கு உண்டு. திரும்பாவிட்டாலும், புதிய இடத்தில் இன்னொரு சமையலறையைக் கண்டுபிடிக்கும். காட்டிலேயே பிறந்த கரடியின் கதை இது என்றால், பத்தாண்டுகள் மனிதன் கையால் ரொட்டி தின்ற வித்தைக் கரடி பசித்தபோது எங்கே போகும்?

அதோடு தேன்கரடி மிரண்டால் ஓடும் விலங்கு அல்ல. புலியோடு காட்டைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த இனம். எதிர்த்து நிற்பதே அதன் தற்காப்பு. மனிதர்களை அதிகம் காயப்படுத்தும் கரடி இனமும் இதுவே. மீட்ட கரடி ஒன்று ஒருவரைத் தாக்கிவிட்டால், அந்த வட்டாரத்தில் உள்ள எல்லாக் கரடிகளுக்கும் எதிராக மக்கள் திரும்புவார்கள். ஆகவே இந்தியாவில் எந்த மாநிலத்திலும் முதன்மை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் யாரும் ஒரு கரடியைக் காட்டில் விட முடியாது. அனுமதிக்கு முன் பார்க்க வேண்டியவை: அந்தக் காட்டில் எல்லாப் பருவத்திலும் உணவு உண்டா, ஏற்கெனவே எத்தனை கரடிகள் உள்ளன, ஊர் எவ்வளவு தூரம், ஊர்க்காரர்கள் சம்மதிக்கிறார்களா. கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டும்.

விட்ட பிறகு

கதவைத் திறக்கும் படத்தோடு செய்தி முடிந்துவிடும். வேலை அங்கே முடிவதில்லை. வளரும் கரடிக்குக் காலர் மாட்டுவதே ஒரு சிக்கல்: இன்று பொருந்தும் பட்டை ஆறு மாதத்தில் கழுத்தை நெரிக்கும். அதனால் பட்டையில் ஓரிடத்தில் பருத்தித் துணியோ தோலோ வைத்துத் தைப்பதுண்டு. வெயிலிலும் மழையிலும் அது இற்று, தானே அறுந்து விழும். அதற்குள் கிடைக்கும் தகவல்தான் ஆதாரம். கரடி ஊருக்குள் வருகிறதா, எடை கூடுகிறதா, ஒரு முழு ஆண்டின் பஞ்சகாலத்தைத் தாண்டியதா? பெண்கரடி பின்னாளில் குட்டியோடு தென்பட்டால் அதைவிட நல்ல சான்று இல்லை. சிக்னல் நின்றுபோனால் அது பிழைத்ததற்கும் சான்றில்லை, செத்ததற்கும் சான்றில்லை. அதை வெற்றிக் கணக்கில் சேர்த்து எழுதும் அறிக்கைகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

குட்டியைக் கண்டால்

மலைத்தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் நேரடியாக உதவக்கூடிய பகுதி. தனியே கிடக்கும் கரடிக்குட்டி எல்லாம் அநாதை இல்லை. தாய் இரை தேடப் போகும்போது குட்டியைக் குகையிலோ பாறை இடுக்கிலோ விட்டுச் செல்வது வழக்கம். பாவம் என்று தூக்கிப்போய்ப் பால் கொடுத்தால், நல்லெண்ணத்தால் அநாதையான குட்டி ஒன்று உருவாகிறது. சட்டப்படி அதை வைத்திருப்பதும் குற்றம்.

1. தொடக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது. தாய் பக்கத்தில் இருந்தால் உயிருக்கே ஆபத்து.
2. இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.
3. குட்டி நலமாக இருந்தால், அதே இடத்தில் வைத்து, தூரத்திலிருந்தோ தானியங்கிக் கேமரா வழியாகவோ கண்காணிப்பதே முதல் முயற்சி. தாய் பெரும்பாலும் இரவில்தான் வரும்.
4. தாய் செத்தது உறுதியானாலோ, காத்திருந்தும் வராவிட்டாலோ, குட்டிக்குக் காயம் இருந்தாலோ மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். அப்போதும் நேராக மறுவாழ்வு மையத்துக்குப் போவதே நல்லது. இடையில் வன அலுவலகத்திலோ வீட்டிலோ பலர் கையில் புட்டிப்பால் குடித்து வளரும் ஒவ்வொரு வாரமும், அந்தக் குட்டி காட்டுக்குத் திரும்பும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போகும்.